இடது கைக்கு ஒரு பெட்டி

ஒயரின் நுனியில் ஐந்து ஊசிகள் அரைவட்டமாக நிற்கின்றன, கீபோர்டின் முதுகில் அதே மாதிரி ஐந்து துளைகள், இரண்டும் நேருக்கு நேர் வந்தால்தான் உள்ளே இறங்கும், இல்லையென்றால் வழுக்கிக்கொண்டு போகும், இதோடு ஆறாவது முறை வழுக்குகிறது. இரண்டு கை உள்ளவர்களுக்கு இது ஒரு வேலையே இல்லை. எனக்கும் இரண்டு கை இருக்கிறது, ஒன்று மடியில் கிடக்கிறது, ஈரத்துணியைப் பிழியாமல் போட்டது மாதிரி. கீபோர்டை நகராமல் பிடித்துக்கொள்ள இடது முழங்கையை முட்டுக்கொடுக்கிறேன், தோள்பட்டைவரை அது என் சொல் கேட்கும், முழங்கைகூடப் பரவாயில்லை, மணிக்கட்டுக்குக் கீழேதான் யாரோ குடியிருக்கிறார்கள். ஏழாவது முறை. உள்ளே போய்விட்டது. போன பிறகு என்ன சந்தோஷம், ஒன்றும் இல்லை, இன்னொரு ஒயர் இருக்கிறது. வேதக்கோயில் முழுக்க வெயில், மேற்கு ஜன்னல் கண்ணாடியிலிருந்து ஒரு சிவப்பும் ஒரு மஞ்சளும் வந்து பெஞ்சுகள்மேல் படுத்திருக்கின்றன, விசிறி என் தலைக்கு மேலே ஒரு சுற்றுக்கு ஒருதரம் முனகுகிறது. மணி ரெண்டு ஆகப்போகிறது. ஒன்றேமுக்காலுக்கு என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார், பெட்டியைத் தூக்கிவந்து வைத்தார், பிளாஸ்க்கை வைத்தார், போனைக் கயிற்றில் கட்டி என் கழுத்தில் மாட்டினார், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு அடையாள அட்டை மாட்டுவது மாதிரி. "கூட யாரு இருக்கா?" என்று கேட்டார். "கோயில்குட்டியார் இருக்காருல்லா, மணி அடிக்கதுக்கு வருவாரு" என்றேன். கோயில்குட்டியார் கதவைத் திறந்து கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார், அஞ்சு மணிக்கு முன்னால் வரமாட்டார், அது எனக்கும் தெரியும், வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்கும். அவர் ஸ்கூட்டரைக் கிளப்பினார். ஐந்து மாதமாக நாங்கள் ஒருவருக்கொருவர் சின்னச் சின்னப் பொய்யாகச் சொல்லிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறோம்.

தனியாக இருக்கும்போது செய்யச் சொல்லி டாக்டர் மூன்று காரியம் சொல்லியிருக்கிறார், சொல்லவில்லை, யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டு வைத்துக்கொண்டேன்: சிரித்துப் பார், ரெண்டு கையையும் தூக்கிப் பார், ஒரு வாக்கியம் பேசிப் பார். கீபோர்டின் அணைந்த திரையில் முகத்தைக் கொண்டுபோய்ச் சிரிக்கிறேன், வாயின் இடது மூலை கொஞ்சம் தாமதம், ஆனால் அது ஏப்ரலிலிருந்தே தாமதம்தான். கையைத் தூக்குகிறேன். "இன்னைக்கு வியாழக்கிழமை, ஞாயித்துக்கிழமை ஸ்தோத்திரப் பண்டிகை" என்று சத்தமாகச் சொல்கிறேன், காலிக் கோயில் அதை வாங்கிப் பின்சுவர்வரை கொண்டுபோய்க் கொஞ்சம் நேரம் வைத்திருந்து திருப்பிக் கொடுக்கிறது. சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன். இன்னொரு பக்கவாதம் வரலாம் என்றுதான் டாக்டர் சொன்னார், வரும் என்று சொல்லவில்லை, ஆனால் 'லாம்' என்கிற அந்த ரெண்டு எழுத்து ராத்திரி பகல் பார்க்காமல் கூடவே இருக்கிறது. முதல் தடவை வந்தபோது எனக்கு வந்தது என்றே தெரியவில்லை. ஆறாம் வகுப்பில் பலகையில் பின்னக்கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன், இடது கையிலிருந்து புத்தகம் விழுந்தது, குனிந்து எடுத்தேன், மறுபடியும் விழுந்தது, பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், மூன்றாம் தடவை விழுந்தபோது முன்பெஞ்சு ஆறுமுகவடிவு மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "டீச்சர், உங்க வாய்" என்றாள். அவ்வளவுதான். அந்தக் கணக்கைக்கூட முடிக்கவில்லை. மூன்றில் இரண்டும் ஐந்தில் ஒன்றும் கூட்டினால் என்ன, பதினைந்தில் பதிமூன்று, இப்போது வருகிறது, அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நாள் பூரா வரவில்லை.

இருபத்தொன்பது வருஷம் இந்தக் கோயிலில் வாசித்திருக்கிறேன். சபை பாடுவது வலது கையை, அதுதான் ராகம், அதைத்தான் வீட்டுக்குப் போகிற வழியில் முணுமுணுத்துக்கொண்டு போவார்கள். இடது கை வாசிப்பதை யாரும் முணுமுணுத்துக் கேட்டதில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் கால் இல்லாத பெஞ்சு மாதிரி பாட்டு ஒரு பக்கமாகச் சாய்கிறது. என் கல்யாணத்தன்றைக்கு வேறு யாரோ வந்து வாசித்தார்கள், மூன்றாம் அடியில் கீழ்ச்சுரம் தப்பு, சபைப் போதகர், நாங்கள் ஐயர் என்போம், அவர் முன்னால் முழங்காலில் நின்றுகொண்டு பூச்செண்டுக்குள்ளே என் இடது விரல்கள் சரியான கட்டையைத் தேடித் தேடி அழுத்திக்கொண்டிருந்தன, ஒரு ரோஜாக்காம்பு ஒடிந்தேபோயிற்று, இவர் பிறகு கேட்டார், பயமா இருந்துச்சா என்று. ஆமா என்று சொல்லிவைத்தேன். முதல் பொய் அதுதானோ என்னவோ. ஜூலையில் திரும்பி வந்து ரெண்டு ஞாயிறு வலது கையால் மட்டும் வாசித்தேன். சபை பாடியது. வெளியே வரும்போது கையைப் பிடித்துப் பிடித்து, "ஆண்டவர் சொகம் தருவாரு டீச்சர்" என்றார்கள், நன்றாக வாசித்தவளிடம் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அடுத்த வாரம் ஐயரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார், காப்பி குடித்தார், "கொஞ்ச நாள் ஓய்வா இருங்கம்மா, நாங்க போன்ல மியூசிக் போட்டுப் பாடிக்கிடுதோம்" என்றார். நல்ல மனிதர். அவர் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது, இது அவராக யோசித்தது இல்லை, யாரோ சொல்லி அனுப்பியது, ஆனால் யார் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் பதில் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒரு பாட்டு, கடைசிப் பாட்டு ஒன்று மட்டும் வாசிக்கட்டுமா என்று போன வாரம் ஐயருக்குப் போன் பண்ணினேன். "வியாழக்கிழமை பாட்டுக்குழு பிராக்டிஸ் இருக்குல்லா, அவங்க கேட்டுட்டுச் சொல்லட்டும்" என்றார். நாலரை மணிக்கு வருவார்கள். அதற்குள் இந்தப் பெட்டி வாசிக்க வேண்டும்.

ரெண்டாவது ஒயரும் இறங்கிவிட்டது. பெட்டியைத் தம்பி ரூபன் கோயம்புத்தூரிலிருந்து பார்சலில் அனுப்பினான், அவன் ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறவன், சீக்வென்சர் என்று பேர். நாம் வாசிப்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு திரும்ப வாசிக்கும், ஆனால் அதற்கென்று சொந்தக் குரல் கிடையாது, எந்தக் கட்டையை எப்போது எவ்வளவு அழுத்தினாய் என்று மட்டும் குறித்து வைத்துக்கொள்ளும், பிறகு அதைக் கீபோர்டுக்குச் சொல்லும், கீபோர்டு பாடும். "அது ஸ்பீக்கர் இல்லக்கா, புக்" என்றான் ரூபன். சுவிட்சைப் போடுகிறேன், பெட்டியின் திரையில் நீலமாக ஏதோ எழுத்து, ஒரு சிவப்பு விளக்கு. கட்டையை அழுத்துகிறேன், கீபோர்டு பாடுகிறது, பெட்டி சும்மா இருக்கிறது. மறுபடியும். பெட்டி என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. இது முடியாது என்று உடனே தோன்றுகிறது, அப்படித் தோன்றுவதற்கு ஒரு விசையும் வேண்டியதில்லை, ஏப்ரலிலிருந்து அது தானாக வருகிறது, ஒரு பித்தான் மாட்டாவிட்டால் வரும், சோற்றுப்பானை சரிந்தால் வரும். கழுத்துப் போனை எடுத்து ரூபனைக் கூப்பிட்டேன். "எந்த ஒயரு எங்க போகுதுன்னு பாத்துச் சொல்லுக்கா" என்றான். குனிந்து பார்த்தேன். கீபோர்டில் 'அவுட்' என்று எழுதியிருக்கிற துளையிலிருந்து பெட்டியில் 'அவுட்' என்று எழுதியிருக்கிற துளைக்கு, 'இன்'னிலிருந்து 'இன்'னுக்கு. அப்படித்தானே போகும், பேர் பார்த்துத்தானே சொருகினேன். அவன் சிரித்தான். "அக்கா, அவுட்டு வாய், இன்னு காது. வாயையும் வாயையும் சேத்துக் கட்டிட்ட. ரெண்டும் பேசும், ஒண்ணும் கேக்காது." "எங்க வீடு மாதிரி" என்றேன். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அக்கா, தனியாவா இருக்க?" என்றான். "இல்ல, ஆளு இருக்கு" என்றேன்.

மாற்றிச் சொருக இன்னொரு கால்மணி நேரம். கீபோர்டின் வாய் பெட்டியின் காதுக்கு, பெட்டியின் வாய் கீபோர்டின் காதுக்கு. இப்போது கட்டையை அழுத்தினால் பெட்டியில் ஒரு பச்சை விளக்கு துடிக்கிறது, கேட்டுக்கொண்டேன் என்கிற மாதிரி. ஆனால் சத்தம் அசிங்கமாக இருக்கிறது. ஒவ்வொரு சுரமும் ரெண்டாக வருகிறது, ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி, தகரத்தைத் தட்டினது மாதிரி. காதிலே ஏதோ ஆகிவிட்டது, வந்துவிட்டது, ரெண்டாவது வந்துவிட்டது என்று நினைத்தேன், கழுத்துப் போனின் கறுத்த திரையில் சிரித்துப் பார்த்தேன், வியாழக்கிழமை என்றேன், விசிறியைக் கேட்டேன், அது ஒரு சுற்றுக்கு ஒரு முனகல்தான் போட்டது, ரெண்டு போடவில்லை. அப்படியானால் காது சரி. மூச்சு ஒருநிலைக்கு வரும்வரை பிளாஸ்க்கிலிருந்து கொஞ்சம் தேயிலைத் தண்ணீர் ஊற்றிக் குடித்தேன், மூடியைத் தொடையிடுக்கில் வைத்துத்தான் ஊற்ற முடியும், சேலையில் கொஞ்சம் சிந்தியது. மறுபடியும் கூப்பிட்டதற்கு ரூபன் சொன்னான், "நீ அழுத்துனது நேராவும் பாடுது, பெட்டிக்குப் போய்ட்டு வந்தும் பாடுது, அதான் ரெண்டு. லோக்கல்னு ஒண்ணு இருக்கும், அத ஆஃப் பண்ணிரு. அப்புறம் கட்டை நேரா பாடாது, சுத்திப் போய்ட்டுதான் வரும்." ஆஃப் பண்ணினேன். சோதித்துப் பார்க்கலாம் என்று பெட்டியை ஒரு நிமிஷம் அணைத்துவிட்டுக் கட்டையை அழுத்தினால் ஒன்றும் இல்லை. விரல் இறங்குகிறது, கட்டை இறங்குகிறது, கோயில் அமைதியாக இருக்கிறது. பிசியோ பண்ண வருகிற பெண் இதையேதான் சொல்லுவாள், "கையில ஒரு கோளாறும் இல்லம்மா, மேலருந்து வார ஒயருதான் அந்துபோச்சு, சுத்துவழி ஒண்ணு மூளை போட்டுக்கிடும், பொறுத்துக்கோங்க." ரப்பர் பந்தைக் கையில் திணித்து, அழுத்துங்க அழுத்துங்க என்பாள், நான் அழுத்தியிருப்பேன், பந்து அப்படியே இருக்கும். இதையும் அதையும் ஒப்பிட்டுப் பார்க்க எனக்கே சலிப்பாக இருக்கிறது. எதைப் பார்த்தாலும் கை. கதவு திறக்காவிட்டால் கை, கரண்டு போனால் கை. ஐம்பத்தாறு வயசில் ஒரு மனுஷிக்கு நினைக்க வேறு ஒன்றுமே இல்லையா. பெட்டியைப் போட்டேன். கட்டையை அழுத்தினேன். ஒற்றைச் சுரம், சுத்தமாக.

வேலை இனிமேல்தான். இடது கை வாசிக்க வேண்டியதை வலது கையால் முதலில் வாசித்துப் பெட்டியில் ஏற்ற வேண்டும், பிறகு பெட்டி அதை வாசிக்கும்போது மேலே ராகத்தை வலது கையால் சேர்த்துக்கொள்ள வேண்டும். வலது கையைக் கீழ்ப்பக்கம் கொண்டுபோனால் உடம்பே திரும்புகிறது, இடது கை வயிற்றுக்கும் கீபோர்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது, அதை எடுத்துப் பெஞ்சில் வைத்தேன், பக்கத்தில் உட்காரவைத்தது மாதிரி. வலது கைக்கு இந்தச் சுரங்கள் தெரியாது. இருபத்தொன்பது வருஷம் பக்கத்திலேயே இருந்திருக்கிறது, ஒன்றும் கவனிக்கவில்லை. எந்தக் கட்டைக்குப் பிறகு எது என்று யோசித்தால் எனக்கும் தெரியவில்லை, புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் கட்டைவிரல் வந்து, எல்லாம் தலைகீழ். பெட்டி டிக் டிக் என்று தாளம் போடுகிறது, அதற்குள் நிற்க வேண்டும். மூன்று தடவை தப்பு. நாலாம் தடவை முடிந்தது. கால் சுவிட்ச் ஒன்று வைத்திருக்கிறான் ரூபன், மிதித்தால் பெட்டி தொடங்கும். மிதித்தேன். கீழே அந்தச் சுரங்கள் எழுந்து வந்தன, மேலே ராகத்தை வைத்தேன், முழுப்பாட்டு, ஐந்து மாதத்துக்குப் பிறகு ரெண்டு கையும் சேர்ந்த மாதிரி. அழுகை வரும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. அசதியாக இருந்தது. ரெண்டாம் அடியில் ஒரு சுரம் கொஞ்சம் முந்தி விழுகிறது, அதைத் திருத்த வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

"யாரு டீச்சர் அது, கூட வாசிக்கது?" வாசலில் ஞானசிகாமணி அண்ணாச்சி நின்றார். பாட்டுக்குழுத் தலைவர், எழுபது தாண்டிவிட்டது, ஜவுளிக்கடையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டுக் கோயிலே கதி என்று இருக்கிறவர். நாலரைக்கு வர வேண்டியவர் மூணேகாலுக்கே வந்திருக்கிறார். இந்த மனிதரோடு நான் சண்டை போடாத பண்டிகை கிடையாது, நான் ஓடுகிறேன் என்பார், அவர் இழுக்கிறார் என்பேன். "யாரும் இல்ல அண்ணாச்சி, பெட்டி" என்றேன். கிட்டே வந்து பார்த்தார், ஒயர்களைப் பார்த்தார், பெஞ்சில் கிடந்த கையைப் பார்த்துவிட்டு வேகமாகக் கண்ணை எடுத்துக்கொண்டார். "அப்ப சபை இந்தப் பெட்டிக்குப் பின்னால ஓடணுமா?" "ஓட வேண்டாம், பாடுனா போதும்." "போட்டுக் காட்டுங்க பாப்பம்." மிதித்தேன். அண்ணாச்சி பாடினார். அந்தக் குரல் இன்னும் பெரிய குரல்தான், ஒற்றை ஆள் பாடினால் மேற்கு ஜன்னல் அதிரும், ஆனால் முதல் அடி முடிவில் அவர் எப்போதும்போல ஒரு இழுப்பு இழுத்தார், பெட்டி இழுக்கவில்லை, போய்விட்டது, ரெண்டாம் அடியை அவர் பாதியில் பிடித்தார், மூன்றாம் அடியில் அதையும் விட்டார், கழுத்து நரம்பு புடைக்க நின்றுவிட்டார். பெட்டி மட்டும் மூன்றாம் அடியை முடித்து, நாலாம் அடியை முடித்து, நின்றது. நான் ராகத்தை எப்போதோ விட்டிருந்தேன். "நம்ம சபையில பாதிப் பேரு என்னைவிட மூத்தவங்க டீச்சர்" என்றார், கோபமாக இல்லை. "இது யாருக்காவும் நிக்காது." அது உண்மை. அவர் முன்பெஞ்சில் உட்கார்ந்தார், துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே, முகம் துண்டுக்குள் இருக்கும்போதே சொன்னார், "ஐயர்ட்ட நாந்தான் சொன்னேன். ஜூலையில. உங்களால இனிமே முடியாதுன்னு."

நான் யோசித்துப் பார்த்திருந்த முகங்களில் இவருடையது இல்லை. பாட்டுக்குழுப் பெண்களை நினைத்திருக்கிறேன், கமிட்டிக்காரர்களை நினைத்திருக்கிறேன், தூங்காத நேரத்தில் ஒவ்வொருவராக நிறுத்திவைத்து விசாரித்திருக்கிறேன், இவரை நிறுத்தவே இல்லை, சண்டை போடுகிறவன் பின்னால் பேசமாட்டான் என்று ஒரு எண்ணம். "ஏன் அண்ணாச்சி, எங்கிட்டயே சொல்லியிருக்கலாம்லா?" என்றேன். "அந்த ரெண்டு ஞாயித்துக்கிழமையும் நீங்க ஒத்தக் கையில வாசிக்கதக் கேட்டுக்கிட்டு நிக்க முடியல டீச்சர். பாட்டே வரல எனக்கு. வெளிய வந்து தண்ணிக் குழாய்கிட்ட நின்னுகிட்டு இருந்தேன். உங்ககிட்ட வந்து எப்படிச் சொல்ல." இதற்கு நான் கோபப்பட வேண்டும். தேடிப் பார்த்தேன். கோபத்துக்கும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது, எழுந்து நிற்க வேண்டும், குரலை எடுக்க வேண்டும், ரெண்டு மணியிலிருந்து ஒயர் சொருகிய முதுகு அதற்கெல்லாம் இடம் கொடுக்கவில்லை. வேறு ஏதோதான் வந்தது, இந்த மனிதர் இருபத்தொன்பது வருஷமாக என் இடது கையைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் என்பது. யாருமே கேட்கவில்லை என்று நினைத்திருந்தேன். "எந்திரிங்க" என்றேன். "தாளத்த அணைச்சுட்டு மறுபடி ஏத்துதேன். நீங்க பாடுங்க, எங்க நிக்கணுமோ அங்க நில்லுங்க. நான் உங்க பின்னால வாசிக்கேன். அது அப்படியே வச்சுக்கிடும்." "நான் நிக்கதுமா?" "நீங்க நிக்கதும்."

டிக் டிக்கை அணைத்தேன். அவர் எழுந்து இடது பக்கமாக வந்து நின்றார், பெஞ்சில் கிடந்த என் கைக்கு இடிபடாமல் ஒரு எட்டுத் தள்ளி. பாடினார், வலது கையைக் கீழே இறக்கி அவர் பின்னால் போனேன். முதல் அடி இழுப்பு, காத்திருந்தேன். ரெண்டாம் அடி. மூன்றாம் அடி நீளமானது, அதை அவர் ஒரே மூச்சில் பாடுவார், வருஷா வருஷம் குழுவில் மற்றவர்களைத் திட்டுவதே அதற்குத்தான், "நடுவுல மூச்சு எடுத்தா வார்த்தை உடையும், வயித்துலருந்து பாடுங்க" என்று. இப்போது அந்த அடியின் நடுவில், ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் இடையில், குரல் நின்றது. சின்னதாக. காற்றை உள்ளே இழுக்கிற சத்தம் எனக்கு மட்டும் கேட்கிற தூரம். பிறகு தொடர்ந்தார். என் விரல் தானாகவே அந்த இடத்தில் நின்று, அவரோடு சேர்ந்து அடுத்த கட்டையில் இறங்கியது. முடிந்ததும் அவர் என்னைப் பார்க்கவில்லை. "ரெண்டாம் அடியில நான் ஒரு சுரத்த முந்தி அழுத்திட்டேன், மறுபடியும் பாடுவோம்" என்றேன். மறுபடியும் பாடினோம். அதே இடம், அதே மூச்சு. மூன்றாம் தடவையும் பாடினோம், இந்தத் தடவை அந்த அடிக்கு முன்னால் அவர் நெஞ்சை நிமிர்த்தி நிறைய காற்று வாங்கிக்கொள்வது தெரிந்தது, ஒரே மூச்சில் கொண்டுபோய்விட வேண்டும் என்று, முன்பெஞ்சின் கைப்பிடியைப் பிடித்திருந்த விரல் முட்டிகள் வெளுத்தன, ஆனாலும் அங்கேயே வந்து நின்றது. எத்தனை நாளாக இப்படி. போன வருஷப் பண்டிகையில் இல்லை, நான் வாசித்தேன், எனக்குத் தெரியும். நான் பந்தை அழுத்திக்கொண்டிருந்த மாதங்களில் இவரும் எங்கேயோ தனியாக நின்று இந்த அடியைப் பாடிப் பாடிப் பார்த்திருப்பார். "நல்லா வந்துட்டு, இதையே வச்சுக்கிடுவோம்" என்று சொல்லிப் பெட்டியில் பதிய வைத்தேன். அவர் பிளாஸ்க்கைப் பார்த்து, "தேயிலை இருக்கா?" என்றார். மூடியை அவரே பிடித்துக்கொண்டார், நான் ஊற்றினேன்.

நாலரைக்கு ஒவ்வொருவராக வந்தார்கள், எட்டுப் பேர், வெயிலில் வந்த முகங்கள், செருப்பைக் கழற்றிப்போடும் சத்தம், என்னைப் பார்த்ததும் பேச்சு ஒரு கணம் நின்று பிறகு வேண்டுமென்றே கூடுதல் சத்தத்தோடு தொடங்கியது. வீட்டுக்காரரும் வந்து கடைசிப் பெஞ்சில் ஸ்கூட்டர் சாவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அண்ணாச்சி பெட்டியைப் பற்றி ஒன்றும் விளக்கவில்லை, "கடைசிப் பாட்டு. டீச்சர் வாசிப்பாங்க. எல்லாரும் எந்திரிங்க" என்றார், கமிட்டிக்கோ ஐயருக்கோ இனி என்ன சொல்லப்போகிறார் என்பது அதிலேயே முடிந்துவிட்டது. மிதித்தேன். கீழ்ச்சுரங்கள் வந்தன, ராகத்தை மேலே வைத்தேன், எட்டுப் பேரும் அண்ணாச்சியும் பாடினார்கள், முதல் அடியின் இழுப்பில் பெட்டி அவர்களோடு நின்றது, ரெண்டாம் அடி சேர்ந்து போனது, மூன்றாம் அடியின் நடுவில் நானும் பெட்டியும் நின்றோம், அவர்கள் நிற்கவில்லை, வருஷக்கணக்காகத் திட்டு வாங்கிப் பழகியவர்கள், ஒரே மூச்சில் போய்விட்டார்கள், பாட்டு கலைந்தது. வேதமாணிக்கம் மகள் சுகிர்தா, பெண்கள் வரிசையில் முதலில் நிற்கிறவள், புத்தகத்தை விரலால் தொட்டுக்கொண்டு, "டீச்சர், இங்க நிப்பு இல்லையே, ஒரே மூச்சுலதான படிக்கணும்? அண்ணாச்சி அப்படித்தான சொல்லித் தந்தாங்க?" என்றாள். எல்லாரும் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அவர் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், காது மடல் ரெண்டும் சிவந்திருந்தது. எனக்கு உடம்பு பூரா வலித்தது, வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும்போல் இருந்தது, இந்த ஒரு பாட்டுக்கே இவ்வளவு என்றால் மற்றதையெல்லாம் எப்போது ஏற்றுவது என்றும் இருந்தது. "எனக்கு அங்க மூச்சு வாங்குது சுகிர்தா" என்றேன். "உடம்பு சரியில்லைல்லா. எனக்காவ எல்லாரும் அங்க ஒரு மூச்சு எடுத்துக்கோங்க." "ஐயோ, அதுக்கென்ன டீச்சர்" என்றாள் அவள், மற்றவர்களும் தலையாட்டினார்கள், பென்சிலை வாங்கி வாங்கி அந்த இடத்தில் குறித்துக்கொண்டார்கள். பென்சில் கடைசியாக அண்ணாச்சியிடம் வந்தது. அவரும் குறித்தார்.